நுரை அடங்கிய பின்

அக்கரப்பத்தனையிற் காலை பிந்தியே விடியும். ஹோட்டன் சமவெளியின் உயரத்திலிருந்து இறங்கும் மூடுபனி டயகம, டொரிங்டன், ஹோல்புரூக், வேவர்லி முதலிய தோட்டங்களின் சரிவுகளிலே தங்கி, லயங்களின் தகரக் கூரைகளை நனைத்து, ஆக்ரா ஓயாவின் ஓசையை மாத்திரம் வெளியே விட்டு ஏனையவற்றை மறைத்து நிற்கும். பிரட்டுக்களத்திற் பெயர் கொடுத்த தாய்மார் கூடையோடு மலையேறிய பின்னரே பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்படுவர். அத்தகைய தோட்டப் பாடசாலை ஒன்றிலே நான்காந் தரத்துக்குக் கணிதங் கற்பிக்க வந்த ஓர் ஆசிரியையின் அநுபவம் கல்வியியலில் நாட்டமுடையோரின் சிந்தனைக்கு உரியது. அவரும் லயத்திற் பிறந்து வளர்ந்தவர். பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியிற் பயிற்சி பெற்றவர். பிள்ளைகளின் மொழியையும் பசியையும் ஒருங்கே அறிந்தவர். எனினும் கொள்ளளவு என்னும் பாடம் அவரையும் ஒருமுறை தடுக்கி விழச் செய்தது.

முதல் நாட் பாடம் ஒழுங்காகவே நடந்தேறியது. ஆயிரம் மில்லிலீற்றர் ஒரு லீற்றர் என்று கரும்பலகையில் எழுதினார். பிள்ளைகள் அதனை மும்முறை ஒருமித்துச் சொன்னார்கள். இரண்டரை லீற்றருக்கு எத்தனை மில்லிலீற்றர் என்று கேட்டதற்கு முன்வரிசையிலிருந்து விடை உடனே வந்தது. பாடம் முடியும் தறுவாயில், வகுப்பின் மூலையில் இருந்த வாளியைக் காட்டி, "இதுல எவ்வளவு தண்ணி பிடிக்கும்?" என்று கேட்டார். வகுப்பு மௌனித்தது. ஈற்றில் ஒரு சிறுமி எழுந்து, "ஒரு வாளி பிடிக்கும், டீச்சர்" என்றாள். எவரும் சிரிக்கவில்லை, அவ்விடை அனைவருக்கும் சரியாகவே பட்டது. மில்லிலீற்றர் கரும்பலகையில் இருந்தது. நீர் வாளியில் இருந்தது. இரண்டுக்கும் இடையில் யாதோர் உறவும் ஏற்பட்டிருக்கவில்லை.

தவணைப் பரீட்சை வந்தது. வினாத்தாளில் ஒரு கணக்கு: வாளி ஒன்றின் கொள்ளளவு 9 லீற்றர், ஒருவர் பீலியிலிருந்து இரு முறை வாளியை நிரப்பி வீட்டுக்குக் கொண்டுவந்தார், அவர் கொண்டுவந்த நீர் எவ்வளவு? விடைக் குறிப்பில் 18 லீற்றர் என்றிருந்தது. கடைசி வாங்கில் இருக்கும் ஒரு சிறுவன் 16 லீற்றர் என்று எழுதியிருந்தான். ஆசிரியை சிவப்பு மையாற் குறுக்கே கோடிட்டார். புள்ளிகளும் பதியப்பெற்று ஒப்படைக்கப்பட்டன. அவன் பெயர் 'மெல்லக் கற்போர்' நிரலில் முன்னரே இருந்தது. வாரத்திற் பல நாள் தாமதமாக வருபவன். வந்ததும் வாங்கிலே சாய்பவன். பெருக்கலிலும் அவன் தவறுவது ஒன்றும் வியப்பன்று என்றே அவருக்குத் தோன்றிற்று.

விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த நாளில், ஏதோ ஒரு நினைப்பில் அவர் அவனை அழைத்து, "ஏன் தம்பி, பதினாறுன்னு எழுதுன?" என்று வினவினார். அவன் சற்று நேரம் நிலத்தைப் பார்த்து நின்றான். பின்னர், "பீலியில இருந்து மேட்டுக்குத் தூக்கிட்டு வந்தா சிந்திரும், டீச்சர். வாளிக்கு ஒரு லீற்றர் போயிரும்" என்றான்.

ஆசிரியை பேசவில்லை. பீலியிலிருந்து லயத்துக்கு ஏறும் ஒற்றையடிப்பாதையை அவரும் அறிவார். இளமையில் அவரும் அவ்வழியே குடஞ் சுமந்தவர். வினாத்தாளைக் கையில் எடுத்து மீண்டும் படித்தார். வாளியின் கொள்ளளவு எவ்வளவு என்று வினா கேட்கவில்லை. கொண்டுவந்த நீர் எவ்வளவு என்றே கேட்டது. கேட்ட வினாவுக்கு விடை எழுதியவன் அவன் ஒருவனே.

கொள்ளளவு வேறு, கனவளவு வேறு. பாத்திரம் ஒன்று ஆகக்கூடியதாக எவ்வளவு கொள்ளுமோ அது கொள்ளளவு. பொருளொன்று எவ்வளவு இடத்தை அடைத்து நிற்கிறதோ அது கனவளவு. முன்னது பாத்திரத்தின் இயல்பு. வாளி வெறிதாக இருக்கும்போதும் அதன் கொள்ளளவு ஒன்பது லீற்றரே. பின்னது உள்ளிருக்கும் நீரைப் பற்றியது. வழியிற் சிந்தச் சிந்த அது குறையும். நூல்களில் இவ்விரு சொற்களும் அடுத்தடுத்து வருவதால், கற்பிப்போரும் வினா அமைப்போரும் அவற்றை மயங்க வைத்தல் உண்டு. பாத்திரத்தின் அளவு அதன் இயல்பேயன்றிச் சூழலைப் பொறுத்தது அன்று என்பதைத் தமிழ்ப் பிள்ளைகள் மூதுரையிலும் கற்பதுண்டு. கடலளவு நீர் சூழ்ந்திருந்தாலும், எத்துணை ஆழத்தில் அமிழ்த்தினாலும், நாழி தன் அளவுக்கு மேல் ஏலாது என்னும் ஔவையாரின் உவமை ஊழின் எல்லையைச் சுட்ட வந்தது. எனினும் கொள்ளளவு என்னும் கருத்துக்கு அதனிலுஞ் சிறந்த விளக்கம் காண்டல் அரிது.

அன்றிரவு ஆசிரியை தம் பாடக் குறிப்பை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். மறுநாள் பிள்ளைகளிடம் ஒரே ஒரு வேண்டுகோளை விடுத்தார்: வீட்டில் அளப்பதற்குப் பயன்படும் பாத்திரம் எதுவோ அதனைக் கொண்டுவருக. அடுத்த நாட்காலை வகுப்பறை கடைவீதியாயிற்று. பால் டின், தேங்காய்ச் சிரட்டை, வெள்ளிரும்புத் தம்ளர், மருந்துப் போத்தலின் மூடி, மண்ணெண்ணெய்ப் புனல், மா அள்ளும் கிண்ணம், பாட்டியின் பெட்டியடியிற் கிடந்த ஒரு சுண்டு ஆகிய யாவும் மேசைக்கு வந்தன.

முதலிற் செய்தது பழைய சோதனை ஒன்று. ஒரே மாதிரியான இரு தம்ளர்களில் நீரைச் சமமாக நிரப்பி, ஒன்றை ஒடுங்கிய உயரமான போத்தலிலும் மற்றதை அகன்ற சட்டியிலும் ஊற்றினார். எதில் நீர் கூட என்ற வினாவுக்கு வகுப்பிற் பாதி, "ஒசந்த போத்தல்லதான் கூட" என்றது. பிள்ளைகளின் இம்மயக்கத்தை முறையாக ஆராய்ந்து விளக்கியவர் சுவிற்சலாந்து நாட்டு உளவியல் அறிஞர் ஜீன் பியாஜே ஆவார். சேமினஸ்காவோடு இணைந்து 1941இல் வெளியிட்ட, குழந்தையிடத்தில் எண்ணுணர்வு தோன்றுமாற்றைக் கூறும் நூலில், ஊற்றும் பாத்திரம் மாறினாலும் நீரின் அளவு மாறாது என்னுந் தெளிவு பிள்ளைக்கு ஏறத்தாழ ஏழெட்டு வயதிலேயே வாய்க்கிறது என்று அவர் காட்டினார். நீரில் அமிழ்ந்த கல் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்னும் கனவளவு உணர்வு அதற்கும் பல ஆண்டுகள் பிந்தியே கைகூடும். இவ்வயதுக் கணக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரேவாறு பொருந்துவதில்லை. கையாற் செய்த பழக்கம் அதனை முன்னே தள்ளவும் கூடும். அன்று வகுப்பின் மறுபாதியோடு கடைசி வாங்குச் சிறுவனும் நின்றான். "திருப்பி ஊத்துங்க டீச்சர், அதே தம்ளர்தான் நெறையும்" என்று அவன் சொன்னது பியாஜேயின் நூலில் எழுதத் தக்க விடையாகும்.

அடுத்து, ஒரே குடத்து நீரை வெவ்வேறு பாத்திரங்களால் அளக்கும் வேலை. ஒரு குழுவினர் தம் தம்ளரால் இருபது என்றனர். மற்றொரு குழுவினர் சிரட்டையால் இருபத்தெட்டு என்றனர். பால் டின் குழுவினருக்குப் பதினைந்தே வந்தது. ஒவ்வொரு குழுவும் மற்றதைப் பொய்யர் என்றது. சச்சரவு முற்றும்வரை ஆசிரியை குறுக்கிடவில்லை. குடம் ஒன்று, நீரும் ஒன்று. எண் மாத்திரம் ஏன் மூன்று? இவ்வினாவைப் பிள்ளைகளே எழுப்பிய பின்னர்தான் நியம அலகு என்பது தேவையாகின்றது. தேவை தோன்றுமுன் தரப்படும் லீற்றர் வெறும் சொல். தேவை தோன்றிய பின் தரப்படும் லீற்றர் வழக்கைத் தீர்க்கும் நடுவர்.

அளவைப் பற்றிய இவ்வழக்கு தமிழருக்குப் புதியதன்று. அளவுப் பெயர்களும் நிறைப் பெயர்களும் எவ்வெவ் எழுத்துக்களில் தொடங்கும் என்பதற்கே தொல்காப்பியம் விதி வகுத்து, ஒன்பது எழுத்துக்களை எண்ணிக் காட்டுகின்றது. இலக்கணம் கவனிக்குமளவுக்கு அப்பெயர்கள் வழக்கில் நிறைந்திருந்தன என்பது அதனாற் பெறப்படும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி என வளர்ந்து கலம் வரை செல்லும் வாய்பாட்டைத் திண்ணைப் பள்ளிகள் மனனஞ் செய்வித்தன. எனினும் பெயர் ஒன்றாயிருக்க, அளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஆதலினால் எந்த மரக்கால் என்பதையும் ஆவணங்கள் குறிக்க வேண்டியிருந்தது. முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்கள் நெல்லைக் கூறுமிடத்து, இராசகேசரியோடு ஒத்த ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்தது என்று தெளிவுறுத்துகின்றன. வகுப்பறையிற் பால் டின்னுக்கும் சிரட்டைக்கும் இடையில் எழுந்த சண்டையைச் சோழர் இவ்வாறு தீர்த்து வைத்தனர் எனலாம்.

மலையகத்திலோ அளவு என்பது கூலியோடும் பசியோடும் பிணைந்து வந்தது. இலங்கையின் பழைய வழக்கில் நான்கு சுண்டு ஒரு கொத்து. முப்பத்திரண்டு கொத்து ஒரு புசல். 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்ச வேதனக் கட்டளைச் சட்டத்தின் வழி 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் எனக் கூலி விதிக்கப்பட்டபோது, தோட்டம் வழங்கும் அரிசியின் விலை புசலொன்றுக்கு 4 ரூபா 80 சதமாகக் கணிக்கப்பட்டது. கொத்தொன்றுக்குப் பதினைந்து சதம். பெண்ணொருத்தியின் ஒரு நாள் உழைப்பு மூன்று கொத்து அரிசியையும் எட்டவில்லை என்பது நான்காந் தரத்துப் பிள்ளையும் செய்யத்தக்க வகுத்தற் கணக்கு. அக்கணக்கைச் செய்யத்தக்க கல்வி அன்று எத்துணைப் பேருக்குக் கிட்டியது என்பது வேறு கேள்வி. 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிருவாகத்தின் கடமையாக்கியது; ஆறு வயது முதற் பத்து வயது வரையுள்ளோரே அதற்குள் அடங்கினர். பத்து வயதில் முடியும் கல்வி, கூட்டலோடு நின்றுவிடுதல் இயல்பே.

அளக்கும் பாத்திரம் யார் கையில் இருக்கிறதோ அவரிடமே அளவும் இருந்தது. கொத்தைத் தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பதில் ஒரு பிடி அரிசி இருந்தது. அந்த ஒரு பிடியில் ஒரு குழந்தையின் கஞ்சி இருந்தது. நாட்டின் அரசியலே ஒருகாற் கொத்தைச் சுற்றிச் சுழன்றது. 1953இற் பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதே அவ்வாண்டு ஓகஸ்ட் 12இல் நிகழ்ந்த ஹர்த்தாலுக்குக் காரணமாயிற்று. அதன் பின் பிரதமர் பதவி விலகினார். 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டிலே தோட்டங்களிற் பட்டினி பல உயிர்களைக் கொண்டது. படியளத்தல் என்னுஞ் சொல்லுக்குத் தமிழில் உயிர் காத்தல் என்னும் பொருளும் உண்டு. அதன் கனம் அவ்வாண்டுகளைக் கண்ட முதியோர்க்கே முழுமையாக விளங்கும். பாட்டியின் பெட்டியடியில் ஒரு சுண்டு பத்திரமாய்க் கிடந்தமைக்குக் காரணமும் அதுவே.

அச்சுண்டை வகுப்பில் நீரால் நிரப்பி லீற்றர்ப் பாத்திரத்தில் ஊற்றியபோது, மூன்று சுண்டுக்கு லீற்றர் நிரம்பவில்லை; நான்காவதிற் சிறிது மிஞ்சியது. முப்பத்திரண்டு கொத்துக் கொண்ட புசல் 36.37 லீற்றர் ஆகையால் ஒரு கொத்து 1.137 லீற்றர், ஒரு சுண்டு ஏறத்தாழ 284 மில்லிலீற்றர். பால் டின்னும் ஏறக்குறைய அவ்வளவே கொண்டதனாற்றான் வீடுகளில் அது சுண்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இங்கே ஒரு சிறுமி நல்ல ஐயம் ஒன்றைக் கிளப்பினாள். டின்னின் மேல் 397 என்று அச்சிட்டிருக்க, அளந்தால் முந்நூறளவே வருவது ஏன்? 397 என்பது கிராம். அது பாலின் நிறை. முந்நூறு என்பது மில்லிலீற்றர். அது டின்னின் கொள்ளளவு. கட்டிப்பால் நீரினுஞ் செறிவுடையது. இதனை விளக்க ஆசிரியைக்கு வேறு உதாரணம் தேடவேண்டியிருக்கவில்லை. நனைந்த கொழுந்துக் கூடையும் உலர்ந்த கொழுந்துக் கூடையும் ஒரே அளவாய் நிரம்பியிருந்தாலும் நிறை வேறுபடும் என்பதைக் கொழுந்து மடுவத்தின் தராசண்டையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் அறிவர். ஈரத்துக்கும் கூடைக்குமெனக் கழிக்கப்படும் கிலோக்கள் எவ்வளவு நியாயமானவை என்பது பல தலைமுறைகளாய்த் தோட்டங்களில் நீடித்த வழக்கு. கனவளவும் நிறையும் வேறென்று அறிந்த பிள்ளை, ஒரு நாள் அத்தராசின் முன் வேறுவிதமாக நிற்கக்கூடும்.

பின்னர் ஒவ்வொரு குழுவும் ஒரு லீற்றர்ப் பாத்திரத்தைத் தானே ஆக்கிற்று. சோடாப் போத்தலின் கழுத்தை வெட்டி, பக்கத்திலே கடதாசிப் பட்டியை ஒட்டி, நூறு மில்லிலீற்றர் வீதம் பத்துமுறை ஊற்றி, ஒவ்வொரு முறையும் கோடிட்டனர். போத்தலின் அடிப்பகுதி ஒடுங்கியும் வளைந்தும் இருந்ததால் கீழ்க்கோடுகள் மேற்கோடுகளைப் போலச் சம இடைவெளியில் விழவில்லை. அடிக்கோலால் சமமாகப் பிரித்துக் கோடிட்ட ஒரு குழுவினரின் பாத்திரம் சோதனையிற் பிழைத்தது. ஏன் பிழைத்தது என்பதை அவர்களே கண்டுபிடித்தமை, பத்துப் பயிற்சிக் கணக்குகளிலும் மேலான பாடமாயிற்று. ஊற்றியவுடன் அளவைப் படிக்க முனைந்த தோழனைக் கடைசி வாங்குச் சிறுவன் கையைப் பிடித்து நிறுத்தினான். "பொறுடா, நொரை அடங்கட்டும்" என்றான்.

அச்சொல் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தபோதே ஆசிரியைக்கு அவனுடைய காலைப்பொழுது தெரியவந்தது. வீட்டில் ஒரு பசு இருந்தது. தந்தை கறந்த பாலை விடியற்காலையிற் சேகரிப்பு நிலையத்துக்குச் சுமந்து சென்று, அளந்து, எழுதுவித்து, திரும்பிவந்த பின்னரே அவன் பாடசாலைக்கு வந்தான். நுரையோடு அளந்தால் அளவு பொய்யாகும் என்பதையும், நுரை அடங்கிய பின் பார்த்தாலே பால் எவ்வளவென்று தெரியும் என்பதையும் அவன் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. வகுப்பில் லீற்றரை அன்றாடம் கையாற் சுமந்தவன் அவன் ஒருவனே. அவனையே அளவீட்டில் மெல்லக் கற்போன் என்று பதிவேடு சொல்லிற்று.

இறுதிப் பாடம் பீலிக்கரையில் நடந்தது. வகுப்பறை வாளியை ஒன்பது லீற்றர் கொள்ளுமளவும் நிரப்பி, இருவர் மாறி மாறித் தூக்கி மேட்டுக்கு வந்தனர். அளந்தபோது எட்டு லீற்றர் நூறு மில்லிலீற்றர் இருந்தது. இரண்டாந் தடவை ஒரு சிறுமி, தன் தாய் செய்வதுபோல, அகன்ற இலை ஒன்றைப் பறித்து நீரின்மேல் மிதக்கவிட்டாள். அலை அடங்கியது, எட்டு லீற்றர் எழுநூறு மில்லிலீற்றர் வந்து சேர்ந்தது. வாளியின் கொள்ளளவு இருமுறையும் ஒன்றே. வந்த நீரின் கனவளவு இரண்டு. இதற்குமேல் வரைவிலக்கணம் எழுதிப்போட வேண்டிய தேவை இருக்கவில்லை. சிந்திய நீர் எங்கே போயிற்று என்று ஒருவன் கேட்டான். சரிவில் இறங்கி ஆக்ரா ஓயாவிலும், அங்கிருந்து கொத்மலை ஓயாவிலும் சேர்ந்து, 1985இல் நிறைவுற்ற கொத்மலை நீர்த்தேக்கத்துக்குப் போகும் என்றார் ஆசிரியை. அதன் கொள்ளளவு 17 கோடியே 40 இலட்சம் கன மீற்றர். ஒரு கன மீற்றருக்கு ஆயிரம் லீற்றர். பிள்ளைகள் நிலத்திற் குந்தி, குச்சியாற் பூச்சியங்களை எழுதிப் பார்த்தனர். அவ்வளவு நீருக்கு மேலே வாழ்ந்துகொண்டும் வாளியோடு பீலிக்கு ஏன் போகிறோம் என்று எவரும் கேட்கவில்லை. அவ்வினா வேறொரு தரத்தில் எழும்.

ஒப்படைக்கப்பட்ட புள்ளிகளை மாற்ற வழி இருக்கவில்லை. சிறுவனின் பழைய விடைத்தாளில் சிவப்புக் கோடு அவ்வாறே கிடந்தது. அடுத்த தவணைக்கு வினா அமைக்கும் பொறுப்பு தமக்கு வந்தபோது ஆசிரியை அக்கணக்கைத் திருத்தி எழுதினார்: வாளியின் கொள்ளளவு 9 லீற்றர், நிரப்பிப் புறப்பட்டவர் வீடு சேர்ந்தபோது 8 லீற்றர் 250 மில்லிலீற்றர் இருந்தது, வழியிற் சிந்தியது எவ்வளவு? பெரும்பாலானோர் 750 மில்லிலீற்றர் என்று சரியாக எழுதினர். பால் சுமந்து விட்டு அரைமணி நேரம் பிந்தி வந்தவனும் அதையே எழுதியிருந்தான். விடையின் கீழே, சிறிய எழுத்தில், ஒரு வரி கூடுதலாக இருந்தது: 'இலை போடவில்லை.'

விடைக் குறிப்பில் அதற்குப் புள்ளி இல்லை. ஆசிரியை அவ்வரியின்மீது கோடிடாமல் அடுத்த தாளை எடுத்தார்.